தேதி எழுதக் கற்ற கணிப்பொறி

05-06-2024.

இது எந்த நாள்? தமிழ்நாட்டு மாணவர் எவரைக் கேட்டாலும், "2024ஆம் ஆண்டு ஜூன் 5" என்று தயங்காமல் கூறுவார். இதே எண்களை ஓர் அமெரிக்க மாணவரிடம் காட்டினால் அவர் "மே 6" என்பார். அவரவர் நாட்டு வழக்கப்படி இருவர் கூற்றும் சரியே. ஆயினும் இரண்டு விடைகளுக்கும் இடையே முப்பது நாட்கள் உள்ளன!

தேதி எண் 12க்கு மேற்பட்டால் இக்குழப்பம் எழாது. 25-06 என்று எழுதினால், 25ஆம் மாதம் என ஒன்று இல்லையாதலால் யாரும் புரிந்துகொள்வர். ஒவ்வொரு மாதத்தின் முதல் 12 நாட்களே இடர் தருபவை. அவற்றிலும் 1-1, 2-2 போன்ற 12 நாட்களை எப்படிப் படித்தாலும் ஒன்றுதான். அவற்றை நீக்கினால் ஆண்டில் 132 நாட்கள் இரண்டு பொருள் தரும் நாட்களாக நின்றுவிடுகின்றன. மருந்தின் காலாவதி நாள், விண்ணப்பத்தின் இறுதி நாள், விமானப் பயண நாள் ஆகியவற்றில் ஒரு மாதப் பிழை நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஒரு நாட்டுக்குள் வெளியாகும் செய்தித்தாளுக்கு இத்தொல்லை இல்லை. அதைப் படிப்போர் அனைவரும் ஒரே வழக்கம் உடையவர்கள். இணையதளத்தின் நிலை வேறு. ஒரே பக்கத்தைச் சென்னையிலிருப்பவரும் சிகாகோவிலிருப்பவரும் பாங்காக்கிலிருப்பவரும் ஒரே நேரத்தில் படிக்கின்றனர். அவரவர்க்கு அவரவர் முறையில் தேதியையும் எண்ணையும் சொல்லையும் காட்டக் கணிப்பொறி எவ்வாறு கற்றது? சுவையான இவ்வரலாற்றைச் சிறிது காண்போம்.

காலம் ஒன்று, கணக்குப் பல

பூமி தன்னைத்தானே ஒருமுறை சுற்றினால் ஒரு நாள். இது இயற்கை தந்த அளவு. ஆனால் அந்த நாளுக்கு என்ன பெயரிடுவது, எந்த ஆண்டில் சேர்ப்பது என்பவை மனிதர் தமக்குள் செய்துகொண்ட உடன்பாடுகளே.

இன்று உலகெங்கும் வழங்கும் கிரிகோரியன் நாட்காட்டி 1582இல் போப்பாண்டவர் பதின்மூன்றாம் கிரிகோரியால் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 4ஆம் நாளுக்கு மறுநாள் அக்டோபர் 15 எனக் கொள்ளப்பட்டது. பிரிட்டன் இம்மாற்றத்தை 1752இல்தான் ஏற்றது. அதற்குள் வேறுபாடு 11 நாட்களாகிவிட்டது. செப்டம்பர் 2க்கு மறுநாள் அங்கே செப்டம்பர் 14. அதுவரை மார்ச் 25இல் தொடங்கிய அவர்களது சட்ட ஆண்டும் அதே சீர்திருத்தத்தால் ஜனவரி 1க்கு மாறியது. அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்த நாள் பழைய கணக்கில் 1731 பிப்ரவரி 11. புதிய கணக்கில் 1732 பிப்ரவரி 22! ரஷ்யா 1918இல் மாறியபோது 13 நாட்கள் மறைந்தன. "அக்டோபர் புரட்சி" நவம்பர் 7ஆம் நாள் கொண்டாடப்பட்டதன் காரணம் இதுவே.

மாற்றத்தை ஏற்ற நாடுகளும் தத்தம் ஆண்டுக் கணக்கைக் கைவிட்டுவிடவில்லை. தாய்லாந்தில் பௌத்த ஆண்டு வழங்குகிறது. நம் 2024 அவர்களுக்கு 2567. ஜப்பானில் பேரரசரின் ஆட்சிக்காலத்துக்கு ஒரு பெயர் சூட்டி, அதன் முதலாண்டு, இரண்டாமாண்டு என்று எண்ணுகின்றனர். எத்தியோப்பிய நாட்காட்டியில் 13 மாதங்கள். பன்னிரண்டுக்கு முப்பது முப்பது நாட்கள், கடைசி மாதத்துக்கு ஐந்தோ ஆறோ நாட்கள்.

நம் நாட்டின் கதை இன்னும் சிக்கலானது. விடுதலைக்குப் பின் இந்தியாவில் ஏறத்தாழ 30 வகை நாட்காட்டிகள் வழக்கில் இருந்தன. இவற்றை ஆராய 1952இல் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் தலைவர் புகழ்பெற்ற இயற்பியலறிஞர் மேகநாத சாஹா. குழுவின் பரிந்துரைப்படி 1957 மார்ச் 22ஆம் நாள், சக ஆண்டு 1879 சைத்ர மாதம் முதல் நாளாகக் கொள்ளப்பட்டு, தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. அரசிதழில் இன்றும் அதைக் காணலாம்.

பழைய பத்திரங்கள் கூறும் பாடம்

தமிழர் தேதி எழுதிய முறையையும் இங்கே நோக்குவது பொருந்தும். பழைய ஓலைகளிலும் நிலப் பத்திரங்களிலும் ஆண்டுக்கு ௵, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳ என்னும் குறிகள் இருந்தன. "பிரபவ ௵ ஆவணி ௴ 12 ௳" என்பது போல எழுதினர். ஆண்டு முதலில், மாதம் அடுத்து, நாள் இறுதியில். பெரியதிலிருந்து சிறியதற்குச் செல்லும் இவ்வரிசை நம் மொழியின் இயல்போடு ஒத்தது. இன்றும் ஒரு திருமண அழைப்பிதழில் "2024ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 25ஆம் நாள்" என்றுதானே எழுதுகிறோம்? 25-8-2024 என்று எண்ணால் எழுதுவது பிரிட்டிஷ் வழக்கை ஒட்டியது.

பழைய முறையில் ஒரு குறையும் இருந்தது. பிரபவ முதலான ஆண்டுப் பெயர்கள் அறுபதே. அறுபது ஆண்டு கழிந்தால் அதே பெயர் மீண்டும் வரும். வெறும் "பிரபவ" என்றிருந்தால் அது 1867ஆகவும் இருக்கலாம், 1927ஆகவும் இருக்கலாம், 1987ஆகவும் இருக்கலாம். வரலாற்றாசிரியர்கள் பிற சான்றுகளைக் கொண்டே அதைத் தெளியவேண்டும்.

இருபதாம் நூற்றாண்டின் கணிப்பொறி வல்லுநர்களும் இதே பள்ளத்தில் விழுந்தனர் என்பது வியப்பானது. நினைவகத்தின் விலை மிகுதியாக இருந்த காலத்தில் இடத்தை மிச்சப்படுத்த ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் பதிந்துவைத்தனர். 75 என்றால் 1975. ஆனால் 00 வந்தால்? அது 1900ஆ, 2000ஆ? உலகெங்கும் பழைய நிரல்களைத் தேடித் திருத்தும் பெரும்பணி 1990களின் இறுதியில் நடந்தது. இந்திய மென்பொருள் நிறுவனங்கள் பலவற்றுக்கு அந்நாளில் மிகுந்த வேலை கிடைத்ததும் இதனால்தான்.

ஆங்கிலம் மட்டும் அறிந்த பொறி

கணிப்பொறிக்கு எழுத்துத் தெரியாது, எண்தான் தெரியும். ஆகவே ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணைக் கொடுத்து வைக்கவேண்டும். அமெரிக்காவில் 1963இல் வெளியான ஆஸ்கி என்னும் தரப்பட்டியல் இவ்வாறு 128 இடங்களைக் கொண்டது. ஆங்கில எழுத்துகள், இலக்கங்கள், நிறுத்தக்குறிகள், பொறியை இயக்கும் குறிகள் ஆகியவற்றோடு இடம் முடிந்துவிட்டது. பிரெஞ்சு மொழியின் மேற்குறிகளுக்குக்கூட அதில் இடமில்லை. தமிழுக்கு எங்கே இருக்கும்?

தேதியும் ஆங்கிலத்திலேயே அமைந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் தோன்றிய யூனிக்ஸ் இயக்க முறையும் சி மொழியும் இன்றைய கணிப்பொறி உலகின் அடித்தளங்கள். சி மொழியில் நேரத்தை எழுத்தாக்கித் தரும் பழைய கட்டளை ஒன்று உண்டு. கிழமைப் பெயரின் மூன்று ஆங்கில எழுத்து, மாதப் பெயரின் மூன்று ஆங்கில எழுத்து, பிறகு தேதி, மணி, ஆண்டு என்று அது எப்போதும் 26 இடங்களிலேயே அடங்கும். ஆங்கிலத்துக்கு இது அழகாகப் பொருந்தியது. மற்ற மொழிகள் அந்தச் சட்டைக்குள் நுழைய முடியாமல் வெளியே நின்றன.

ஆயினும் அதே யூனிக்ஸில் ஒரு நல்ல வித்தும் இருந்தது. பொறி தன்னுள்ளே தேதியை மாதமாகவோ கிழமையாகவோ வைத்துக்கொள்ளவில்லை. 1970 ஜனவரி 1ஆம் நாள் நள்ளிரவு, கிரீன்விச் நேரப்படி, தொடங்கி எத்தனை விநாடிகள் ஆயின என்னும் ஒரே எண்ணை வைத்துக்கொண்டது. அந்த எண்ணுக்கு மொழி இல்லை, நாடு இல்லை. காட்டும்போதுதான் அது தேதியாகிறது. "ஒன்றாகச் சேமி, பலவாகக் காட்டு" என்னும் இக்கொள்கையே பின்வந்த முன்னேற்றங்களுக்கெல்லாம் அடிப்படை.

இதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். கிரீன்விச் நேரப்படி ஜூன் 4 இரவு 7 மணிக்கு ஒரு செய்தி வெளியாகிறது. நம் நேரம் ஐந்தரை மணி முன்னே செல்வதால் சென்னையில் அப்போது ஜூன் 5, நள்ளிரவு கடந்து 12.30. இலண்டன் வாசகருக்கு ஒரு தேதியும் சென்னை வாசகருக்கு மறு தேதியும் காட்டவேண்டும். இரண்டும் உண்மையே.

உலகுக்கு ஒரு பொது வரிசை

நாடுகளிடையே கடிதமும் சரக்கும் பணமும் போக்குவரத்தாகும் இடங்களில் அனைவருக்கும் ஒரே பொருள் தரும் ஒரு வடிவம் தேவையாயிற்று. பன்னாட்டுத் தர அமைப்பு 1988இல் ஐ.எஸ்.ஓ. 8601 என்னும் தரத்தை வெளியிட்டது. அதன்படி மேலே கண்ட தேதி 2024-06-05 ஆகும். ஆண்டுக்கு நான்கு இலக்கம், மாதத்துக்கு இரண்டு, நாளுக்கு இரண்டு. நம் பழைய பத்திரங்களின் வரிசையே இது!

இவ்வரிசைக்கு ஒரு கணிதச் சிறப்பும் உண்டு. இத்தேதிகளை வெறும் எண் வரிசைப்படி அடுக்கினாலே கால வரிசை தானாக அமைந்துவிடும். நாளை முதலில் எழுதி அடுக்கினால் எல்லா மாதங்களின் முதல் தேதிகளும் ஒன்றுசேர்ந்து நிற்கும். நம்பிக்கையில்லையெனில் பத்துத் தேதிகளை இரு முறையிலும் எழுதி நீங்களே அடுக்கிப் பாருங்கள்.

பொறிகள் தம்முள் பேசிக்கொள்ள இவ்வடிவம் போதும். மனிதருக்குக் காட்ட? 1989இல் சி மொழிக்குத் தரம் வகுக்கப்பட்டபோது அதில் லொக்கேல் என்னும் கருத்து இடம்பெற்றது. இதை வட்டார வழக்கு எனலாம். மாதப் பெயர்கள், தேதி வரிசை, தசமப் புள்ளி, நாணயக் குறி முதலியவற்றை நிரலுக்குள் எழுதாமல் வெளியே ஒரு பட்டியலாக வைக்கவேண்டும். பட்டியலை மாற்றினால் நிரல் வேறு மொழியில் பேசவேண்டும். இதுவே அதன் சாரம்.

மொழி மட்டும் அறிந்தால் போதாது, இடமும் தெரியவேண்டும் என்பதையும் இக்கருத்து உணர்த்தியது. பன்னிரண்டு இலட்சத்து முப்பத்து நாலாயிரத்து ஐந்நூற்று அறுபத்தேழு என்பதை நாம் 12,34,567 என்று பிரிக்கிறோம். சிங்கப்பூர்த் தமிழர் 1,234,567 என்று பிரிப்பர். மொழி ஒன்றே, வழக்கு இரண்டு. ஜெர்மானியரோ காற்புள்ளியையும் புள்ளியையும் இடம் மாற்றி 1.234.567 என்று எழுதுவர். அவர்கள் 1.234 என்று எழுதினால் அது ஆயிரத்துக்கு மேற்பட்ட எண். நாம் அதை ஒன்றேகால் என்று எண்ணிவிடுவோம்!

எழுத்துக்கு வந்த இடம்

பட்டியல் தயாரானாலும் எழுத வேண்டிய எழுத்து பொறியில் இருக்கவேண்டுமே! உலக மொழிகள் அனைத்துக்கும் ஒரே எண் பட்டியல் என்னும் நோக்குடன் 1991இல் யூனிகோட் தரம் வெளிவந்தது. இதை ஒருங்குறி என்கிறோம். இந்திய மொழிகளுக்காக நம் நாட்டில் 1988இல் வகுக்கப்பட்ட இஸ்கி முறையை ஒட்டி அதில் தமிழுக்கும் 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றுக்கான ௵, ௴, ௳ குறிகள் 2003இல் சேர்ந்தன. தமிழ்ச் சுழி எண் சேர்ந்தது 2005இல்தான். நம் பழைய முறையில் பத்து, நூறு, ஆயிரத்துக்குத் தனிக்குறிகள் இருந்ததால் சுழி இல்லாமலே எண்களை எழுத முடிந்தது.

இடம் கிடைத்தபின் மற்றொரு சிக்கல் எழுந்தது. "செப்டம்பர்" என்னும் சொல்லில் நாம் எண்ணும் எழுத்துகள் ஆறு. ஒருங்குறியில் உயிர்மெய்க் குறியும் புள்ளியும் தனித்தனி இடம் பெறுவதால் அதற்குப் பத்துக் குறியீடுகள். கென் தாம்சனும் ராப் பைக்கும் 1992இல் அமைத்த யு.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட்டு வீதம் 30 பைட்டுகள். ஆங்கிலத்தில் இதே மாதப் பெயருக்கு ஒன்பதே பைட்டுகள்.

ஆங்கில வழக்கப்படி "மாதப் பெயரின் முதல் மூன்றை மட்டும் காட்டு" என்று நிரலாளர் கட்டளையிட்டால் என்ன நேரும்? மூன்று பைட்டை வெட்டினால் "ச" மட்டும் மிஞ்சும். மூன்று குறியீட்டை வெட்டினால் புள்ளியை இழந்து "செப" என்று நிற்கும். "ஜூன்", "ஜூலை" இரண்டிலும் முதல் எழுத்தை மட்டும் எடுத்தால் இரண்டும் "ஜூ" ஆகிவிடும். எனவே சுருக்கம் என்பது கத்தரிக்கோல் வேலையன்று. "செப்." என்றே சுருக்கவேண்டும் என்று மொழியறிந்த ஒருவர் பட்டியலில் எழுதிவைக்கவேண்டும்.

வாக்கியத்தின் வெற்றிடம்

சொல்லைக் கடந்து வாக்கியத்துக்கு வந்தால் இலக்கணமே குறுக்கே நிற்கும். "இக்கூட்டம் ( )இல் நடைபெறும்" என்று ஒரு வெற்றிடம் விட்டு, ஊர்ப் பெயரை அதில் நிரப்பும்படி பொறிக்குக் கூறுவதாகக் கொள்வோம். "விழுப்புரம்" வந்தால் "விழுப்புரம்இல்" என்று பொறி எழுதும். "விழுப்புரத்தில்" என்பதன் அத்துச் சாரியை அதற்குத் தெரியாது. "மதுரை" வந்தால் இடையில் யகர உடம்படுமெய் வேண்டும், அதுவும் தெரியாது. எளிய வழி ஒன்று உண்டு. வேற்றுமை உருபைத் தாங்கிக்கொள்ள ஒரு சொல்லை வைத்துவிடுவதே அது. "( ) நகரில்", "( ) மாதத்தில்", "( ) அன்று" என்று எழுதினால் வெற்றிடத்தில் எது வந்தாலும் வாக்கியம் கெடாது.

பிற மொழிகளுக்கும் இத்தகைய தொல்லைகள் உண்டு. ரஷ்ய மொழியில் மே மாதம் தனித்து நின்றால் "மாய்". 9ஆம் தேதியோடு சேர்ந்தால் "மாயா". அதனால் மாதப் பெயர்களை இரண்டு பட்டியலாக வைக்கவேண்டும். நமக்கு "1 நாள்", "5 நாட்கள்" என்று இரண்டு வடிவம் போதும். ரஷ்யருக்கு 1, 21, 31 ஆகியவற்றுக்கு ஒரு வடிவம். 2, 3, 4க்கு மற்றொன்று. 5 முதல் 20 வரை வேறொன்று. அரபு மொழிக்கு ஆறு வகை விதி வேண்டும். ஜப்பானியருக்கோ ஒன்றே போதும்.

பட்டியலை எழுதுவோர் யார்?

முன்பு ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனிப் பட்டியல் வைத்திருந்தது. ஒரே மொழியின் மாதப் பெயரை இரு நிறுவனங்கள் இரு வகையாகக் காட்டுவதும் உண்டு. இதைத் தவிர்க்க எல்லா மொழிகளுக்கும் ஒரு பொதுக் களஞ்சியம் தொடங்கப்பட்டு, 2004இல் யூனிகோட் அமைப்பின் பொறுப்பில் வந்தது. சி.எல்.டி.ஆர். என்பது அதன் சுருக்கப் பெயர். நிறுவனங்களும் மொழி ஆர்வலர்களும் தரவுகளை அளித்து வாக்கிட்டு முடிவு செய்கின்றனர். இன்று உங்கள் கைபேசி "பிற்பகல்" என்று காட்டுவது இத்தகைய பட்டியலிலிருந்து வருவதே. இணைய உலாவிகளும் இவ்வேலையைத் தாமே செய்வதற்கான தரம் 2012இல் வெளியாயிற்று. பக்கத்தை எழுதுபவர் மொழியைக் குறிப்பிட்டால் போதும். தேதி அம்மொழியில் அமைந்துவிடும்.

இப்பட்டியலின் அருமை 2019இல் ஜப்பானில் புலப்பட்டது. பேரரசர் அகிஹிதோ ஏப்ரல் 30இல் பதவி விலக, மே 1 முதல் புதிய ஆட்சிக்காலம் தொடங்கவிருந்தது. "ரெய்வா" என்னும் புதிய பெயர் ஏப்ரல் 1ஆம் நாள்தான் அறிவிக்கப்பட்டது. இடையில் ஒரே மாதம்! பெயர் தெரியுமுன்பே அதற்கான எழுத்துக்கு யூனிகோட்டில் ஓர் இடம் ஒதுக்கிக் காத்திருந்தனர். மே 7இல் அந்த ஒரே ஓர் எழுத்தைச் சேர்ப்பதற்காகவே 12.1 என்னும் பதிப்பு வெளியிடப்பட்டது. ஆட்சிக்காலப் பெயரைப் பட்டியலாக வெளியே வைத்திருந்த நிரல்களில் ஒரு வரி சேர்த்தால் போதுமாயிருந்தது. பெயரை நிரலுக்குள்ளேயே பதித்திருந்தவர்கள் நிரலைத் திறந்து தேடவேண்டியிருந்தது.

ஜப்பானிய மொழிக்குக் கிடைத்த இந்தக் கவனம் எல்லா மொழிகளுக்கும் தானாகக் கிடைத்துவிடாது. பட்டியலில் ஓர் இடம் வெறுமையாக இருந்தால் பொறி குறை கூறாது. வேறு பொதுப் பட்டியலிலிருந்து ஏதேனும் ஒன்றை எடுத்து அங்கே வைத்துவிடும். தமிழ்ப் பக்கத்தின் நடுவே திடீரென்று ஓர் ஆங்கில மாதப் பெயர் தலைகாட்டுவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. சில ஆண்டுகள் அப்படியே கண்டு பழகிவிட்டால் அதுவே சரியென்றும் தோன்றிவிடும். நம் மொழியில் தேதி எழுதும் முறையை நாம் எழுதிவைக்காவிடில் வேறொருவர் தமக்குத் தோன்றியபடி எழுதிவிடுவார்.

எனவே, மாணவ நண்பர்களே, அடுத்த முறை ஓர் இணையப் பக்கத்தில் தேதியைக் கண்டால் சற்று நின்று பாருங்கள். மாதம் எழுத்தில் உள்ளதா, எண்ணில் உள்ளதா? சுருக்கம் புள்ளியை இழந்து நிற்கிறதா? ஊர்ப் பெயரோடு "இல்" ஒட்டாமல் தொங்குகிறதா? தவறு கண்டால் அதைத் திருத்தப் பெரும்பாலும் சிக்கலான கணிதம் எதுவும் தேவைப்படாது. தமிழறிந்த ஒருவரின் கவனமே போதும். நீங்கள் எழுதும்போதும் ஒன்றை நினைவிற் கொள்ளுங்கள். அயல்நாட்டார் படிக்கக்கூடிய இடத்தில் 05-06 என்று எழுதாமல் "2024 ஜூன் 5" என்று எழுதிவிட்டால் 132 நாட்களின் குழப்பமும் தீர்ந்துவிடும்.